தொப்பூர் இறக்கத்துக்கு ஓர் இஞ்சின்

லாரி தொப்பூர் கணவாயில் பாறையில் முட்டி நின்று நாற்பத்தாறு நாள் ஆன அன்று, தீர்த்தகிரி மேஸ்திரி அதன் இஞ்சினைப் பிரித்தார். லூர்துமேரி பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவிழ்த்துவிட்டால் அவை நடுங்குவது தெரிந்துவிடும்.

அதியமான்கோட்டையில் பெங்களூர் ரோட்டை ஒட்டி, புளியமரத்தடியில் இருந்தது அவருடைய தகரக் கொட்டகைப் பட்டறை. பெண்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. லூர்துமேரிக்கு வேறு வழி இல்லை. அவள் புருஷன் சவுரியப்பன் தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தான். லாரி அவர்களுடையது, ஓட்டுகிறவனும் அவனே. எதை மாற்றுவது, எதை விடுவது என்று யாராவது ஒருவர் வந்து நின்று சொல்லியாக வேண்டும்.

நடந்ததை ஊரே அறியும். எழுபத்தொன்றாம் வருஷம் புரட்டாசியில், நிலக்கடலை மூட்டைகளோடு சேலம் போய்க்கொண்டிருந்தான். கிளீனருக்கு அம்மை போட்டிருந்ததால் அன்று தனியாகத்தான் போனான். தொப்பூர் இறக்கத்தில் இஞ்சின் தானாக நின்றுவிட்டது. அந்த மாதிரிப் பழைய லாரியில் இஞ்சின் ஓடும்வரைதான் பிரேக்குக்கு உயிர். ஓடுகிற இஞ்சின்தான் ஒரு தொட்டியிலிருந்து காற்றை உறிஞ்சி, பிரேக்குக்கு வேண்டிய வேக்குவத்தை உண்டாக்கும். நின்றுபோனால், தொட்டியில் மிச்சம் இருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் காணும். அப்புறம் பெடல் கல்லாகிவிடும். வளைவில் ஒரு மாட்டு வண்டி போய்க்கொண்டிருந்தது. சவுரியப்பன் ஸ்டியரிங்கை மலைப்பக்கம் திருப்பினான். வண்டிக்காரனும் மாடுகளும் பிழைத்தார்கள். இவனுக்குக் காலோடு போயிற்று.

"இஞ்சின் ஜாம் ஆயிடுச்சு." ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

ஆயில் ஏறாவிட்டால் இஞ்சின் உள்ளே காய்ந்து இறுகி ஜாம் ஆகும். அதற்கு மூன்று மாதம் முன்னால் அந்த இஞ்சினில் ஆயில் பம்பு மாற்றியவர் தீர்த்தகிரி. யாரும் அவரை நேரில் குற்றம் சொல்லவில்லை. ஆனால் கொட்டகைக்கு முன் நிற்கும் லாரிகள் குறைந்துபோயின.

பிஸ்டன்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மேஸ்திரி அவற்றை மண்ணெண்ணெயில் கழுவிச் சாக்கின் மேல் வரிசையாக வைத்தார். ஆறும் மழமழவென்று இருந்தன. அவர் ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். பிறகு அடுத்ததை. அப்புறம் கழுவியதையே கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னாங்க மேஸ்திரி?"

"ஒண்ணுமில்லீங்க அண்ணி. ரிங்கு மாத்தணும். ஹெட்டுக்குப் புது கேஸ்கட்டு. முன்னாடி ரேடியேட்டரு, ஃபேனு எல்லாம் அடிபட்டிருக்குது. மத்தபடி பெருசா ஒண்ணும் மாத்த வேண்டியதில்லீங்க."

"இஞ்சினே ஜாம் ஆகியிருக்குது. ஒண்ணும் மாத்த வேண்டாம்னா?"

அவர் ஸ்பேனரைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார். தன் தப்பை மூடப் பார்க்கிறார் என்று நினைத்தாள்.  இந்த ஆள் கையில்தான் மறுபடி இஞ்சினை விட வேண்டும். இவர் பூட்டிக் கொடுத்த இஞ்சினோடுதான் அவள் புருஷன் மறுபடி அந்த இறக்கத்தில் இறங்க வேண்டும்.

"எல்லாம் புதுசு போடுங்க," என்றாள். "பிஸ்டன், ஸ்லீவு, பேரிங்கு, ஆயில் பம்பு. ஒண்ணு பாக்கி வுடாம."

"புதுசுன்னா நல்லதுன்னு அர்த்தமில்லீங்க. இந்தக் கிராங்கு ஓடிப் பழகின கிராங்கு. எங்க தேய்ஞ்சிருக்குது, எங்க தேயலன்னு எனக்குத் தெரியும். இப்ப சந்தையில வர்ற புதுசுல பாதி டூப்ளிகேட்டு. அதைப் போட்டுட்டு நான் நிம்மதியா தூங்க முடியாதுங்க."

"பழசை வச்சுக்கிட்டு நான் தூங்க முடியாதுங்க."

பக்கத்தில் தன் லாரிக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றிக்கொண்டிருந்த டிரைவர் மாயவன் தலையைத் தூக்கினான். "மேஸ்திரி, டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஆபரேசனை ஆரம்பிங்க. மயக்க மருந்து வேணும்னா நம்மகிட்ட பீடி இருக்குது."

லூர்துமேரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சிரிப்பு வரவில்லை.

வீடு ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம். கல்யாணமான நாளிலிருந்து லாரிச் சத்தம் அவள் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது, கவனித்ததில்லை. இப்போது கவனித்தாள். ஓடுகிற சத்தம் ஒன்றும் செய்வதில்லை. ஏதாவது ஒரு லாரி ஓரங்கட்டி இஞ்சினை அணைத்தால்தான், கையில் இருக்கும் கரண்டி அப்படியே நின்றுவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். அடுத்து ஒரு இடிச் சத்தம் வரும் என்று காத்திருப்பாள். டிரைவர் இறங்கி யாரையாவது கூப்பிடும் குரல் கேட்ட பிறகுதான் கரண்டி அசையும்.

சவுரியப்பன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"மேஸ்திரி பெருசா ஒண்ணும் மாத்த வேண்டாங்கறாரு," என்றாள்.

அவன் சட்டென்று திரும்பினான். "அவன் என்னா சொல்றது? எல்லாத்தையும் மாத்தச் சொல்லு. ஆயில் பம்பை மொதல்ல மாத்தச் சொல்லு. அதுதான் காலை வாரிச்சு."

"நானும் அதையேதான் சொன்னேன்."

"பேரிங்கு நல்ல கம்பெனி பாத்து வாங்கு. சேலத்துக்கே போ. அட்டைப்பெட்டி பிரிக்காம இருக்கணும்." அவன் மூச்சு வேகமாக வந்தது. "பழசு ஒண்ணுகூட இருக்கக் கூடாது, லூர்து. ஒண்ணுகூட."

அவன் முகத்தில் பயம் இருந்தது. அதுவும் தன்னுடைய அதே பயம்தான் என்று அவள் நினைத்தாள். அன்று அது ஆறுதலாக இருந்தது.

சேலத்துக்குப் பஸ்ஸில் போனாள். மேஸ்திரி காகிதத்தில் எழுதிக் கொடுத்த அளவுகளை மனப்பாடம் செய்திருந்தாள். உச்சியைத் தாண்டி பஸ் இறங்க ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடினால் காது கூர்மையாகிவிடுகிறது. டிரைவர் கியரைக் குறைத்தான். இஞ்சின் உறுமியது. உறுமல் அவள் இருக்கையின் இரும்பில் நடுங்கியது. இந்த உறுமல்தான் வண்டியைப் பின்னால் பிடித்து இழுக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. பிள்ளையை மேட்டிலிருந்து இறக்கும்போது பின்னாலிருந்து சட்டையைப் பிடித்துக்கொள்வதுபோல. 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தவள் வளைவில் கண்ணைத் திறந்துவிட்டாள். பாறையில் பச்சைப் பெயின்ட் ஒரு முழ அகலத்துக்கு ஒட்டியிருந்தது. அவர்கள் லாரியின் பச்சை.

சேலத்துக் கடையில் பேரிங் பெட்டிகளைப் பிரிக்கச் சொன்னாள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். ஒவ்வொன்றின் உள்பக்கத்தையும் விரலால் தடவினாள். ஒன்றில் உள்ளே பூசிய ஈயம் மேடுபள்ளமாக இருந்தது. வேண்டாம் என்றாள். இன்னொன்றின் பெட்டியில் எழுத்து மங்கலாக அச்சாகியிருந்தது. அதுவும் வேண்டாம்.

"ஏம்மா, பொண்ணு பாக்க வந்திருக்கியா?" என்றார் கடைக்காரர்.

"இந்தப் பொண்ணு வாழாம வந்துட்டா, போறது எங்கூட்டு ஆளோட உசுருங்க."

அவர் உள்ளே போய் வேறு பெட்டியைக் கொண்டுவந்தார்.

திரும்பி வந்து சாமான்களைப் பட்டறையில் இறக்கியபோது மேஸ்திரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆயில் பம்பை இரண்டு முறை சுற்றினார். "நல்ல சாமான். தேறிட்டீங்க அண்ணி," என்றார். குரலில் சந்தோஷம் இல்லை.

மாயவன் அன்றும் இருந்தான். டீ வந்தது. லூர்துமேரி தள்ளி, கவிழ்த்த டிரம்மின் மேல் உட்கார்ந்தாள்.

"இனி சவுரி அண்ணன் பழையபடி தொப்பூர் ராஜாதான்," என்றான் மாயவன். "அண்ணி, உங்களுக்குத் தெரியாது. நாங்கெல்லாம் உருட்டுவோம். ஆனா அண்ணன் உருட்டுற மாதிரி ஒருத்தனாலயும் முடியாது."

"உருட்டுறதுன்னா?"

"உச்சியில நியூட்ரலுக்குத் தள்ளிட்டு, டேஷ்போர்டுல கறுப்புக் குமிழ் இருக்குதல்ல, அதை இழுக்கறது. இஞ்சின் அணைஞ்சிடும். வண்டி தானா உருளும். டீசலு ஒரு சொட்டு செலவில்லை. நாங்க பாதியில பயந்துக்கிட்டு ஸ்டார்ட் பண்ணிடுவோம். அண்ணன் ரெண்டே மிதியில கீழ டீக்கடை வாசல் வரைக்கும் வந்து நிறுத்துவாரு. சத்தமே இருக்காது. கடைக்காரரு டம்ளர் கழுவுற சத்தம் கேக்கும், திரும்பிப் பாத்தா அண்ணன் வண்டி நிக்கும். பூனை மாதிரி."

அவன் சிரித்தான். மேஸ்திரி சிரிக்கவில்லை. அவர் கையில் டீ டம்ளர் அப்படியே இருந்தது. அவர் மாயவனையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. சாக்கின் மேல் வரிசையாக இருந்த ஆறு பழைய பிஸ்டன்களைப் பார்த்தார்.

லூர்துமேரியும் பார்த்தாள்.

மாயவன் லாரியை எடுத்துக்கொண்டு போகும்வரை அவள் டிரம்மிலிருந்து எழவில்லை. போனதும் கேட்டாள்.

"மேஸ்திரி, ஜாம் ஆன இஞ்சின் எப்படிங்க இருக்கும்?"

அவர் கதவோரம் போனார். கதவு காற்றில் அடிக்காமலிருக்க ஒரு பிஸ்டனை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். வேறு ஏதோ லாரியினுடையது. அதை எடுத்து அவள் காலருகே வைத்தார். பக்கமெல்லாம் கறுப்பு. நாய் பிறாண்டிய சுவர்போல மேலிருந்து கீழாகக் கோடுகள். ஒரு இடத்தில் உலோகம் உருகி வழிந்து இறுகிப்போயிருந்தது.

அவள் சாக்கிலிருந்து தன் லாரியின் பிஸ்டன் ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். தடவினாள். விரலில் ஒன்றும் தட்டவில்லை. ஆறையும் தடவினாள். பழைய பேரிங்குகளைக் கேட்டு வாங்கித் தடவினாள். சேலத்தில் அவள் வேண்டாம் என்று தள்ளிய புதுப் பேரிங்கைவிட அவை வழவழப்பாக இருந்தன.

"எல்லாரும் உங்களை..." என்று ஆரம்பித்தாள்.  "நீங்க ஏன் ஒண்ணும் சொல்லலீங்க?"

"சொன்னா, தப்பிச்சுக்கறதுக்குச் சொல்றான்னுவாங்க." மேஸ்திரி கருகிய பிஸ்டனை எடுத்துக்கொண்டுபோய்க் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். "அதுவுமில்லாம, அண்ணன் படுத்துக் கிடக்கறாரு. படுத்துக் கிடக்கறவரைப் பத்தி என்னான்னு சொல்றதுங்க."

 பேச வேண்டியதை இருவரும் வாயில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அது வெளியே வந்தால் பட்டறை தாங்காது என்பதுபோல.

அவள் வீட்டுக்கு நடந்தாள். இத்தனை நாளும் அவள் ஒரு இரும்பைக் கண்டு பயந்தாள். இரும்பின் பயத்துக்குச் சேலத்தில் மருந்து கிடைக்கும். அட்டைப்பெட்டியில் போட்டுத் தருவார்கள். இனி என்ன செய்வது? பிஸ்டன் புதுசு, பம்பு புதுசு, பேரிங் புதுசு. எல்லாம் சரியாக ஓடும். ஓடுகிறதை ஒரு விரல் இழுத்து அணைத்துவிட்டால், புதுசு என்ன, பழசு என்ன?

சவுரியப்பன் கேட்டான். "வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன்."

"ஆயில் பம்பு?"

"அதுவும்தான்."

"அதுதான் காலை வாரிச்சு," என்றான் மறுபடியும். இந்த முறை அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கண்கள் அவள் முகத்தில் நிற்கவில்லை. கூரைக்குப் போயின, கட்டுப்போட்ட காலுக்குப் போயின, சுவருக்குத் திரும்பின. அன்றைக்குப் பார்த்த பயம் அங்கேயே இருந்தது. அது அவளுடைய பயமே அல்ல. அவள் இஞ்சினுக்குப் பயந்தாள். அவன் அவளுக்குப் பயந்துகொண்டிருந்தான்.

கேட்டுவிடலாமா என்று நினைத்தாள்.  கேட்டால் இல்லை என்பான். இல்லை என்று ஒருமுறை அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டால், அதைக் காப்பாற்றவே அவன் மறுபடி உருட்டுவான். அவள் அறிந்த சவுரி அப்படித்தான். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன், சொன்ன பொய்யையும் அப்படியே காப்பாற்றுவான்.

சோற்றைப் போட்டு அவன் முன் வைத்தாள்.

மறுநாள் பட்டறைக்குப் போனபோது மேஸ்திரி புதுப் பிஸ்டன்களைக் கையில் எடுத்து வைத்திருந்தார்.

"பழசையே போட்டுடுங்க," என்றாள். "நீங்க மொதல்ல சொன்ன மாதிரி. கிராங்கும் பழசே இருக்கட்டும். ரிங்கு, கேஸ்கட்டு மட்டும் புதுசு."

"இவ்வளவு தூரம் போயி வாங்கிட்டு வந்தீங்களே."

"வாங்கிட்டு வந்தது கெட்டுப் போகாது. எது நல்லா ஓடுமோ அதைப் போடுங்க. எதைப் போட்டா உங்களுக்குத் தூக்கம் வருமோ அதை."

அவர் புதுப் பிஸ்டன்களைக் கீழே வைத்தார். பிறகு பழைய கிராங்கின் மேல் கை வைத்தார். "பேரிங்கு நீங்க கொண்டாந்ததே போடறேன். அது நல்ல பேரிங்கு. ராடு போல்ட்டும் புதுசாவே இருக்கட்டும், அதுல பழசு ஆகாது. மத்தது பழசு."

"சரிங்க." அவள் போகவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "இன்னொண்ணு. அந்தக் கறுப்புக் குமிழு."

மேஸ்திரியின் கை நின்றது.

"அதிலிருந்து இஞ்சினுக்கு ஒரு கம்பி போகுமில்லீங்க? அதைப் பூட்டாதீங்க. குமிழு அங்கியே இருக்கட்டும். கம்பி மட்டும் வேண்டாம்."

"அண்ணி, அப்புறம் இஞ்சினை எப்படி அணைக்கிறது?"

"நீங்க எப்படி அணைப்பீங்க?"

"பானெட்டைத் தொறந்து, டீசல் பம்புல இருக்கிற நெம்புகோலைக் கையால தள்ளணும்."

"அப்ப வண்டியை நிறுத்திட்டுக் கீழ எறங்கித்தானே அணைக்க முடியும்?"

"ஆமாங்க."

"அதுதான் வேணும்."

ரோட்டில் ஒரு லாரி போயிற்று. அதன் சத்தம் தேய்ந்ததும் மேஸ்திரி கிராங்கிலிருந்து கையை எடுத்தார்.

"எந்த லாரியிலயும் இப்படிக் கிடையாதுங்க. அண்ணன் வந்து கேட்டா நான் என்னா சொல்வேன்?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"ஏன்னு கேட்டா?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது.  அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்தாள்.

மாவுக்கட்டைப் பிரித்தபோது சவுரியப்பனின் கால் குச்சியாக இருந்தது. தை மாதம் முடிவதற்குள் நடந்தான். மாசியில் கிளச்சை மிதிக்கத் தெம்பு வந்துவிட்டது என்றான். அவன் தெம்பு கூடக் கூட அவளுக்குத் தூக்கம் குறைந்தது. குமிழைப் பற்றி அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் காலையில் நினைத்துக்கொள்வாள். அடுப்பு எரியும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள், அவன் குளித்துவிட்டு வருவான், சொல்ல மாட்டாள். அவன் கை அந்தக் குமிழுக்குப் போகாமலே இருந்துவிட்டால், சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அடிபட்டவனுக்குப் புத்தி வந்திருக்காதா? அப்படி நினைக்கும்போது கொஞ்சம் மூச்சு வரும். மறுநிமிஷம் பூனை மாதிரி வந்து நிற்கும் லாரி ஞாபகம் வரும்.

லாரியை வெளியே எடுத்த அன்று பங்குச் சாமியார் வந்து முன்கண்ணாடியில் தீர்த்தம் தெளித்தார். மேஸ்திரி தன் பங்குக்கு நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். இஞ்சினை அவரே கிளப்பினார். ஒரே சுழற்சியில் பிடித்துக்கொண்டது. சத்தம் தடையில்லாமல், உரலில் மாவாட்டும் சத்தம்போல ஒரே சீராக வந்தது. சவுரியப்பன் கண் கலங்கிப்போய் பானெட்டைத் தட்டிக்கொடுத்தான்.

"சும்மா தொப்பூர் வரைக்கும் இறக்கி ஏத்திட்டு வரேன். நீயும் வாடா மேஸ்திரி."

"கைவேலை கிடக்குதுங்கண்ணா," என்றார் மேஸ்திரி. ஓடும் இஞ்சினைக் கேட்டபடி, யாரையும் பார்க்காமல், கைத்துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் வரேன்," என்றாள் லூர்துமேரி.

"நீயா? லாரியிலயா?" சவுரியப்பன் சிரித்தான். "பயமில்லியா?"

"இருக்குது."

அவள் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு மேல் அந்தோணியார் படமும் ஜெபமாலையும் ஆடின. படத்துக்கு நேர் கீழே, டேஷ்போர்டில், கறுப்புக் குமிழ். விரல்பட்டு விரல்பட்டு அதன் தலை பளபளத்திருந்தது. வழி நெடுக அவள் ரோட்டைப் பார்க்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சவுரியப்பன் சந்தோஷமாகப் பேசினான். கியர் எப்படி விழுகிறது பார் என்றான். இழுவை பழையதைவிட நன்றாக இருக்கிறது என்றான். புது பம்பு, புது பிஸ்டன், பேசுமா பின்னே என்றான். அவள் ம் கொட்டினாள். உள்ளே ஓடுவது பழைய பிஸ்டன் என்பது அவனுக்குத் தெரியாது.

உச்சி வந்தது. கீழே ரோடு வெயிலில் வளைந்து வளைந்து இறங்கியது. எதிரே லாரிகள் திணறி ஏறி வந்தன. சவுரியப்பன் பேச்சை நிறுத்தினான். அவன் நெற்றியில் வேர்வை முளைத்தது. அவனும் பயப்படுகிறான். நல்லது. பயப்படட்டும். மரியாயே, அவன் பயப்படட்டும்.

லாரியின் மூக்கு கீழே சாய்ந்ததும் அவன் கை கியர் குச்சியைப் பிடித்தது. நியூட்ரலுக்குத் தள்ளியது. பிறகு ஸ்டியரிங்குக்குத் திரும்பாமல் நேராக முன்னால் போயிற்று. பார்க்காமலே போயிற்று. அவன் கண் ரோட்டில் இருந்தது. கை மட்டும், வாசலில் செருப்பைத் தேடும் கால்போல, தானாகப் போய்க் குமிழைப் பிடித்து இழுத்தது.

லூர்துமேரி கண்ணை மூடினாள்.

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணைத் திறந்தாள். அவன் மறுபடி இழுத்தான். குமிழ் லேசாக, எதையும் பிடித்திராத பொருள்போல, வெளியே வந்தது. அதன் பின்னால் ஒரு சாண் கம்பி, முனை வளைத்துவிடப்பட்டு, சும்மா தொங்கியது. இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் அந்தக் கம்பி முனையைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப்போனதை அவள் பார்த்தாள்.   ரோட்டைப் பாருங்க என்பதுபோல விரலை மட்டும் முன்னால் நீட்டினாள்.

லாரி வேகம் எடுத்திருந்தது. அவன் பிரேக்கை மிதித்தான். பிடித்தது. மறுபடி மிதித்தான். மறுபடியும் பிடித்தது. மூன்றாவது மிதி, நான்காவது, ஐந்தாவது. ஒவ்வொரு மிதிக்கும் பெடல் மெத்தென்று இறங்கி வண்டியைப் பிடித்தது. கிளச்சை மிதித்து, இஞ்சினை உறுமவிட்டு, இரண்டாம் கியரில் போட்டான். வண்டி முழுக்க அதிர்ந்தது. பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்துக்கொண்டதுபோல இறக்கம் மெதுவாயிற்று.

வளைவு வந்தது. பாறையில் பச்சைப் பெயின்ட். அவன் அதைத் தாண்டும்வரை மூச்சு விடவில்லை; அவளும் விடவில்லை.

கீழே டீக்கடை. மூன்று லாரிகள் நின்றிருந்தன. டிரைவர்கள் கட்டில்களில் உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் கேட்டு எல்லாரும் திரும்பினார்கள். சவுரியப்பனின் வண்டி இவ்வளவு சத்தத்தோடு அங்கே வந்து யாரும் பார்த்ததில்லை. அவன் கடை முன் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். இஞ்சின் ஓடியது.

கட்டிலிலிருந்து எழுந்து வந்தவன் மாயவன். கையில் டம்ளர்.

"என்னாண்ணா, ஊரையே எழுப்பிக்கிட்டு வர்றீங்க? அணைங்கண்ணா, காது போவுது!"

சவுரியப்பன் அவளைத் திரும்பிப் பார்த்தான். கம்பி அறுந்துபோச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேஸ்திரி சரியாகப் பூட்டவில்லை என்றால் போதும். எல்லாரும் நம்புவார்கள். நாளைக்கே கம்பியை மாட்டிவிடலாம். நாளை மறுநாள் அவன் கை மறுபடி போகும். லூர்துமேரி இருக்கையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை கை நடுங்குவதை அவள் மறைக்கவில்லை. அவன் அந்தக் கைகளைப் பார்த்தான்.

அவன் உதடு அசைந்தது. சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"என்னா?" என்று கத்தினான் மாயவன், காதில் கை வைத்து. "கேக்கலண்ணா! என்னா சொல்றீங்க?"

சவுரியப்பன் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, ஓடும் இஞ்சினுக்கு மேலே, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினான்.

"அன்னிக்கு இஞ்சின் நிக்கலடா! நான்தான் அணைச்சேன்!"